வழுச்செய்தியும் பொறுப்பும்: எண்ணிம நூலகங்களை முன்வைத்து

மென்பொருட்கள் தம்முள் தரவு பரிமாறும் இணைய இடைமுகங்களில், வழுக் கையாளுகை வெறுந் தொழினுட்ப விடயமாகவே கருதப்படுகின்றது. நிகழ்ந்த வழுவுக்குப் பொறுப்பு யாருடையது என்பதை அறிவிக்கும் முறைமையும் அதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எச்.ரி.ரி.பி. நெறிமுறையில் 400 வரிசை எண்கள் கேட்டவரின் வழுவையும், 500 வரிசை எண்கள் சேவையகத்தின் வழுவையும் சுட்டுவன. பிளாஸ்க் முதலிய சட்டகங்களில், நிரலாளர் தனி ஏற்பாடு செய்யாதவிடத்து, எதிர்பாராத உள்வழுக்கள் யாவும் 500 என்ற ஒரே எண்ணாய் வெளிப்படும், காரணம் மறைந்துவிடும். எனவே வழுவகை ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணையும் விளக்கத்தையும் அனுப்பும் நிரற்கூறைத் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற ஈழத்து ஆவணவாக்க முயற்சிகளை நோக்குமிடத்து இப்பிரச்சினை முனைப்புப் பெறுகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் ஒன்றைத் தேடும் ஆய்வாளருக்கு '404: காணப்படவில்லை' என்பது மட்டுமே விடையாயின், அழிக்கப்பட்டதும் என்றுமே இல்லாததும் ஒன்றாகிவிடும். எண்வரிசைப்படி வழுவும் கேட்டவருடையதாகிவிடும்.

எண்ணை மாற்றவேண்டியதில்லை. 2023இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9457 என்னும் ஆவணம், தலைப்பு, விளக்கம் ஆகியவற்றோடு நாமே வகுக்கும் புலங்களையும் விடையிற் சேர்க்க இடந்தருகின்றது. 'இன்னும் மின்வருடப்படவில்லை', '1981இல் எரிக்கப்பட்டது' எனக் காரணங்களைத் தமிழிலேயே வேறுபடுத்தலாம். ஆயின், பதியப்படாத இழப்பை எந்த நிரலும் அறிவிக்கமாட்டாது. இழந்தவற்றின் பட்டியலைத் தொகுத்தலே முதற்பணியாகும்.