விழுந்தும் எழுந்தார், எழுந்தும் விழுந்தார்! இசா சமாட் கதை தெரியுமா?

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் டான் ஸ்ரீ இசா சமாட் என்ற பெயரைக் கேட்காமல் வளர்ந்திருக்கவே முடியாது! ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஏற்ற இறக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் தலை சுற்றும்!

அவர் மாநிலத்தின் மந்திரி புசார் ஆனபோது வயது என்ன தெரியுமா? வெறும் 32! ஆண்டு 1982. அந்த நாற்காலியை விட்டு எழுந்தது எப்போது? 2004-இல்! இடையில் முழுசாக 22 ஆண்டுகள்! 1982-இல் சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு, அவர் பதவியை விட்டு இறங்கியபோது 29 வயது! கல்யாணமாகி, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயாராகும் வயது!

இன்னொன்று கேளுங்கள். 1978 முதல் 2018 வரை 40 ஆண்டுகளில் நெகிரி செம்பிலானை ஆண்ட மந்திரி புசார்கள் எத்தனை பேர்? மூன்றே பேர்! ரயிஸ் யாத்திம், இசா சமாட், முகமட் ஹசான். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் இசா ஒருவருக்கே!

அந்த 22 ஆண்டுகளில் தோட்டங்கள் என்ன ஆயின? பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நீலாயும் சிரம்பான் 2-உம் இன்று பளபளக்கும் நகரங்கள். ஒரு காலத்தில் அங்கெல்லாம் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு ஆள் கூடியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? எல்லை தாண்டி சிப்பாங்கில் 1998-இல் விமான நிலையம் திறந்ததும் நில விலை எகிறியது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆள் குறைவு. இது நெஞ்சில் உறுத்தும் கேள்வி, ஆனால் அது தனிக் கதை!

சரி, விழுந்தது எப்போது?

2004 செப்டம்பர். அம்னோ கட்சித் தேர்தல். மூன்று உதவித் தலைவர் பதவிகள். அதிக வாக்கு வாங்கி முதலிடத்தில் வந்தவர் யார்? இசா சமாட்! அப்போது அவர் கூட்டரசு பிரதேச அமைச்சரும்கூட! உச்சிக்கே போய்விட்டார் என்று ஊரே பேசியது. ஆனால் எத்தனை நாள்? அடுத்த ஆண்டு ஜூனிலேயே இடி விழுந்தது! அந்தத் தேர்தலில் பண அரசியல் செய்தார் என்று அவருடைய சொந்தக் கட்சியின் ஒழுங்கு வாரியமே தீர்ப்பளித்து ஆறு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது! மேல்முறையீட்டில் அது மூன்று ஆண்டாகக் குறைந்தது. 2005 அக்டோபரில் அமைச்சர் பதவியும் போனது.

கதை அதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை!

2009 அக்டோபர் 11. போர்ட்டிக்சன் பக்கம் பாகான் பினாங் சட்டமன்ற இடைத்தேர்தல். தேசிய முன்னணியின் வேட்பாளர் யார் தெரியுமா? அதே இசா! ‘அவரை நிறுத்தாதீர்கள்’ என்று வெளிப்படையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? டாக்டர் மகாதீர்! மகாதீர் பிரதமராக இருந்த ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இசாதான் மந்திரி புசார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அந்தச் சமயத்தில் தேசிய முன்னணியின் நிலைமை என்ன? 2008 பொதுத்தேர்தலுக்குப் பிறகு நடந்த எட்டு இடைத்தேர்தல்களில் ஏழு எதிர்க்கட்சிகளின் கைக்குப் போயிருந்தன! தீபகற்பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை! அந்த நிலையில் நின்ற இசா வாங்கிய வாக்கு 8,013. பாஸ் வேட்பாளருக்கு 2,578. பெரும்பான்மை 5,435! நான்கில் மூன்று வாக்குகள் ஒரே ஆளுக்கு!

இதில் நம்மவர் பங்கு எவ்வளவு தெரியுமா? அந்தத் தொகுதி வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர்! மூன்றில் ஒரு பங்கு தபால் வாக்கு, பெரும்பாலும் போர்ட்டிக்சன் ராணுவ முகாம்களின் வாக்கு! ராணுவ வாக்கு ஒரு பக்கம், தோட்டத்து வாக்கு ஒரு பக்கம் என்றால் எந்தக் கட்சிதான் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கும்? தேர்தல் வந்தால் மட்டும் செம்மண் பாதைக்குத் தார் கிடைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அடுத்த ஏற்றம் இதைவிடப் பெரியது! 2011-இல் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் தெரியுமா? கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டாவின் தலைவர்! 1956-இல் தொடங்கிய நிறுவனம். 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேற்றக்காரர்கள். உலகின் மிகப் பெரிய செம்பனை எண்ணெய் உற்பத்தியாளர்களில் ஒன்று! அந்தக் குடியேற்றக்காரர்களில் இந்தியர்கள் மிகச் சிலர் என்பதும் உங்களுக்குத் தெரியுமா? தலைமுறை தலைமுறையாக மரத்தோடு வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக நிலம் கிடைத்த கதை இந்த நாட்டில் அரிது. எனக்கு இன்றும் ஆறாத ஆதங்கம் இது!

2012 ஜூன். ஃபெல்டா குளோபல் வெஞ்சர்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. திரட்டிய தொகை சுமார் 1,040 கோடி ரிங்கிட்! அந்த ஆண்டில் அதுவரை உலகில் அதைவிடப் பெரிய பங்கு வெளியீடு ஒன்றே ஒன்றுதான். எது தெரியுமா? ஃபேஸ்புக்! ஒரு பங்கு 4 ரிங்கிட் 55 காசு. மூன்றே ஆண்டுகளில் அது 2 ரிங்கிட்டுக்கும் கீழே விழுந்தது! அந்த நிறுவனத்துக்கும் தலைவர் இசாதான்!

இனி வருவதுதான் உண்மையான அதிர்ச்சி!

செம்பனைக் குடியேற்றக்காரர்களுக்காக உருவான ஃபெல்டாவின் முதலீட்டு நிறுவனம் 2014-இல் எதை வாங்கியது? கடல் தாண்டி, சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில் ஒரு ஹோட்டல்! பெயர் மெர்டேக்கா பேலஸ். விலை 16 கோடி ரிங்கிட்! அந்த வியாபாரத்துக்காக 2014-15 காலத்தில் 30 லட்சத்து 90 ஆயிரம் ரிங்கிட் இசாவுக்குக் கைமாறியது என்றது அரசுத் தரப்பு. எங்கே வைத்து என்றது தெரியுமா? கோலாலம்பூரில் மெனாரா ஃபெல்டா கட்டடத்திலேயே! ‘நான் வாங்கவே இல்லை’ என்று இசா மறுத்தார்.

2018 டிசம்பரில் குற்றச்சாட்டு. நம்பிக்கை மோசடி ஒன்று, லஞ்சம் ஒன்பது! நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு 2020-இல் பாதியிலேயே தள்ளுபடி ஆனது. 2021 பிப்ரவரி 3-இல் லஞ்சக் குற்றச்சாட்டுகள் ஒன்பதிலும் குற்றவாளி என்று உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆறு ஆண்டு சிறை, 1 கோடியே 54 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் அபராதம்! ஏன் அந்த விநோதமான எண்? 30 லட்சத்து 90 ஆயிரத்தை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்! லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத அபராதம் என்பது நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டம்! தீர்ப்பளித்த நீதிபதி யார்? ஆறு மாதங்களுக்கு முன் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 ஆண்டு சிறை விதித்த அதே நஸ்லான்!

மறுபடியும் திருப்பம்! 2024 மார்ச் 6-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து இசாவை விடுதலை செய்தது! அரசுத் தரப்பும் விடவில்லை. கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது!

அரசுத் தரப்பு சொன்ன அந்த 30 லட்சத்து 90 ஆயிரம் ரிங்கிட் தோட்டக் கணக்கில் எவ்வளவு தெரியுமா? 2014-இல் தீபகற்பத்தில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, 20 கிலோ குலையை வெட்டித் தள்ளி, உதிர்ந்த பழங்களைக் கோணியில் பொறுக்கி, ஓரத்துக்கு இழுத்துப் போடும் ஆளின் சம்பளம்! அவர் ஒரு காசுகூடச் செலவு செய்யாமல் சேர்த்தால் அந்தத் தொகை சேர எத்தனை ஆண்டு? 286! 2014-இல் தொகை கையில் இருக்க வேண்டுமானால் அவர் 1728-லேயே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்! அப்போது மலாயாவில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. கன்றுகள் வந்து சேர்ந்ததே 1877-இல்தான்! அந்த ஹோட்டலின் விலையைச் சேர்க்க? 14,800 ஆண்டுகளுக்கு மேல்!

தேர்தல் கணக்குக்கு வருவோம். 2018 அக்டோபர் 13. போர்ட்டிக்சன் நாடாளுமன்ற இடைத்தேர்தல். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டேன்யல் பாலகோபால் பதவி விலகி, அன்வார் இப்ராஹிமுக்கு வழிவிட்ட தேர்தல் அது! அம்னோ ஒதுங்கிக்கொண்டது. கட்சியை விட்டு வெளியேறி சுயேச்சையாக நின்றவர் யார்? நம்ம இசா! பாகான் பினாங்கும் அந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுக்கு முன் ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியில் 8,013 வாங்கியவர், ஐந்து சட்டமன்றத் தொகுதிகளையும் சேர்த்து இந்த முறை வாங்கியது எவ்வளவு? 4,230! வைப்புத்தொகையும் போச்சு! அன்வாருக்கு 31,016! அதே தேர்தலில் அன்வார் மீது முன்பு புகார் கொடுத்த சைஃபுல் புகாரியும் நின்றார். அவருக்கு விழுந்தது 82 வாக்கு!

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டால் நிச்சயம் வாய் பிளப்பீர்கள்!

தென்னாப்பிரிக்காவின் ஜேக்கப் சூமா தெரியுமா? ஊழல் குற்றச்சாட்டு நிழலாகத் தொடர்ந்த தலைவர். அவருடைய நாட்டின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கும் 1860-இல் மதராசிலிருந்து நம் மக்கள் கப்பலேறினார்கள்! இப்போது இருவரின் ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

2005 ஜூன்: சூமா துணை அதிபர் பதவியிலிருந்து நீக்கம்! 2005 ஜூன்: இசா கட்சியிலிருந்து இடைநீக்கம்!

2009 ஏப்ரலில் சூமா மீதான வழக்கு கைவிடப்பட்டது, மே மாதம் அவர் அதிபர்! அதே 2009-இல் இசா பாகான் பினாங்கில் அமோக வெற்றி!

2018 மார்ச்சில் சூமா மீது பழைய வழக்கு மீண்டும் உயிர் பெற்றது! 2018 டிசம்பரில் இசா மீது குற்றச்சாட்டு!

2021 பிப்ரவரியில் இசாவுக்கு ஆறு ஆண்டு தண்டனை! 2021 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக்காக சூமா சிறைக்குள்!

நான்கு ஆண்டுகள், நான்கும் ஒன்று! இருவரும் வேறு கண்டம், வேறு கட்சி! நம்ப முடியவில்லையா? வீட்டுப் பரணில் பழைய நாளிதழ்கள் இருந்தால் இறக்கி, தேதிகளை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்!