மூக்கைக் கழுவும் தண்ணீர்

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. நெற்றியில், கன்னத்தில், கண்களுக்கு நடுவே, மூக்கின் பின்னால் என்று முகத்து எலும்புக்குள் நான்கு ஜோடி காற்றறைகள். அவற்றுக்குத்தான் சைனஸ் என்று பெயர். அவற்றின் உள்தோல் வீங்கி, சளி வெளியேறும் வாசல் அடைபட்டுப்போனால் வருவது சைனசைட்டிஸ். நாம் 'சைனஸ்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஆவி பிடிக்கிறோம், தைலம் தேய்க்கிறோம், மாத்திரை போடுகிறோம். சில வருடங்களாக உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் பழக்கமும் பரவியிருக்கிறது. யோகா வகுப்பில் இதன் பெயர் ஜல நேதி. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் 'நேசல் வாஷ்'. இரண்டும் ஒன்றுதான். இது வேலை செய்யுமா, எப்படிச் செய்தால் ஆபத்தில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுக்கிறேன்.

எதற்காகக் கழுவ வேண்டும்?

மூக்கின் உள்தோலில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அலர்ஜியோ ஜலதோஷமோ வந்தால் சளி கெட்டியாகிவிடும். மயிரிழைகளால் அதை நகர்த்த முடியாது. உப்புத் தண்ணீர் அந்தச் சளியை இளக்கி, தூசியையும் மகரந்தத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. அவ்ளோதான் அதன் வேலை.

கழுவும் தண்ணீர் சைனஸ் அறைகளுக்குள்ளே புகுந்து சுத்தம் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து வாசலைப் பெரிதாக்கியிருந்தால்தான் உள்ளே தண்ணீர் நன்றாகப் போகும். மற்றவர்களுக்குக் கழுவப்படுவது பெரும்பாலும் மூக்கின் பாதையும் சைனஸின் வாசலும்தான். அதுவே போதுமான நிம்மதியைத் தரும்.

ஆதாரம் எப்படி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, நாள்பட்ட சைனசைட்டிஸ் பற்றி 2016-லும் அலர்ஜி மூக்கடைப்பு பற்றி 2018-லும் ஆராய்ந்தது. பலன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்பதே இரண்டின் சாரம். ஐரோப்பிய நிபுணர்களின் 2020 வழிகாட்டி நாள்பட்ட சைனசைட்டிஸுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. ஆக, இது மாயமருந்தும் இல்லை, வெறும் நம்பிக்கையும் இல்லை. மலிவான, உதவக்கூடிய ஒரு துணை வைத்தியம்.

குடிக்கிற தண்ணீர் வேறு, மூக்குத் தண்ணீர் வேறு

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் மூளைத் தொற்றால் இறந்தார்கள். இருவருமே குளத்தில் குளித்தவர்கள் அல்ல. வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேதிக் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். இரண்டு வீடுகளின் தண்ணீரிலும் நெக்லேரியா ஃபோலேரி என்ற அமீபா இருந்தது. இவ்வளவுக்கும் அது சுத்திகரிக்கப்பட்டு, குடிக்கத் தகுதியானது என்று விநியோகிக்கப்பட்ட தண்ணீர்.

இந்த அமீபாவுக்கு வெதுவெதுப்பான நன்னீர் பிடிக்கும். 46 டிகிரி வரை வெப்பத்தைத் தாங்கும். இதே அமீபா உள்ள தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கின் உச்சிக்குப் போனால் கதை வேறு. அங்கே வாசனை நரம்புகள் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அமீபா அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராக மூளைக்குள் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. கராச்சியில் 2008, 2009-ல் பாதிக்கப்பட்ட 13 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை, அவர்களில் பெரும்பாலானோர் நீச்சலுக்கே போகாதவர்கள் என்கிறது. உளூ செய்யும்போது குழாய்த் தண்ணீரை மூக்கில் இழுத்ததே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். பக்கத்தில் கேரளாவில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்து வந்தது நினைவிருக்கும். அரசு கிணறுகளில் குளோரின் போடும் இயக்கமே நடத்தியது.

எண்ணிக்கையில் பார்த்தால் இது மிக மிக அரிது. பயந்து நேதியையே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வந்தால் பிழைப்பது கடினம், வராமல் தடுப்பதோ சுலபம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சோம்பல் படுவதில் அர்த்தமே இல்லை.

"நம்ம வீட்டில் ஆர்.ஓ. இருக்கே?"

இருக்கட்டும். ஆர்.ஓ. சவ்வின் துளைகள் மிக நுண்ணியவைதான். ஆனால் வடிகட்டிய தண்ணீர் அந்த மெஷினுக்குள் இருக்கும் தொட்டியில் தேங்கி, ஒரு குழாய் வழியாக வருகிறது. அந்தத் தொட்டியும் குழாயும் கிருமியற்றவை அல்ல. கேன் தண்ணீரும் அப்படித்தான். மொட்டைமாடித் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகி, குளோரினும் ஆவியாகிப்போன தொட்டி அமீபாவுக்கு வசதியான இடம். செம்புப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் கணக்கில் வராது. மூன்றே வழிகள்தான் பாதுகாப்பானவை:

- கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். குமிழிகள் நன்றாகப் புரள ஆரம்பித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம். மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.
- மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வேண்டவே வேண்டாம்.
- மருந்துக்கடை நார்மல் சலைன் பாட்டில். இதில் உப்பும் சரியான அளவில் ஏற்கெனவே இருக்கும். பதப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாததால், திறந்த பாட்டிலை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

உப்பு எவ்வளவு?

வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரியும். நம் உடலின் திரவத்தில் இருக்கும் உப்பு அதில் இல்லாததால், உள்தோலின் செல்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதுதான் காரணம். 0.9 சதவீத உப்புக்கரைசல் என்றால் எரியாது. அதாவது லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டர் தண்ணீருக்குத் தூள் உப்பு தலைதட்டி முக்கால் டீஸ்பூன். எரிச்சல் இருந்தால் கால் டீஸ்பூன் ஆப்பசோடா சேர்க்கலாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள்.

அயோடின் கலந்த உப்பு சிலருக்கு எரிச்சல் தரும். அயோடின் இல்லாத உப்பு கிடைத்தால் நல்லது. கல்லுப்பில் மண், அழுக்கு இருக்கலாம் என்பதால் தவிர்க்கலாம். இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்றால் பாக்கெட்டில் வரும் ரெடிமேட் பொடி இருக்கிறது. ஆனால் பொடி கிருமியைக் கொல்லாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆகணும்.

செய்யும் விதம்

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு இருக்கட்டும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயால் மூச்சு விடுங்கள். மேல் நாசியில் மெதுவாக ஊற்றினால் கீழ் நாசி வழியாக வரும். நடுவில் பேசவோ விழுங்கவோ வேண்டாம்; காதுக்குள் அழுத்தம் ஏறும். இரண்டு பக்கமும் முடிந்ததும் மெதுவாகச் சிந்துங்கள், இரண்டு நாசியையும் மூடிக்கொண்டு பலமாகச் சிந்தக் கூடாது. மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் முதலில் கழுவல், பிறகு ஸ்ப்ரே. மாற்றிச் செய்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும்.

முடிந்ததும் கெண்டியையோ பாட்டிலையோ கொதித்தாறிய தண்ணீரால் அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். நல்ல தண்ணீரை அழுக்குப் பாட்டிலில் ஊற்றினால் பயன் என்ன?

யார் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்?

காதில் தொற்றோ, செவிப்பறையில் ஓட்டையோ இருப்பவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், சமீபத்தில் மூக்கு, காது அறுவை சிகிச்சை ஆனவர்கள், சின்னக் குழந்தைகள். மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போது யாருமே வலுக்கட்டாயமாகத் தண்ணீரைச் செலுத்த வேண்டாம். புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் கேளுங்கள். அகந்தமீபா என்ற இன்னொரு அமீபா இவர்களைத்தான் குறிவைக்கிறது.

மூக்கு கழுவிய, அல்லது குளத்தில் முங்கிக் குளித்த சில நாட்களில் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் "மூக்குல தண்ணி விட்டேன்" என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். இந்த நோய் ஆரம்பத்தில் சாதாரண மூளைக்காய்ச்சல் போலவேதான் தெரியும். மருத்துவருக்கு அமீபா நினைவுக்கு வர அந்த ஒரு வரிதான் துப்பு. நேரத்தோடு கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கியதால் 2024-ல் கேரளத்தில் ஒரு பதினான்கு வயதுப் பையன் பிழைத்து வீடு திரும்பினான்.