நாயின் வாய்க்குள் கை விடாதீர்கள்

நாய் இருமினால் சுன்னாகத்தில் முதலில் தேடுவது மிருக வைத்தியரை அல்ல, பாமசியை. பிள்ளைக்கு வாங்கிய பாணிமருந்தில் ஒரு மூடி, உடம்பு சுட்டால் அரைப் பனடோல். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், புரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். சொன்னால், “போனமுறை குடுத்து ஒண்டும் நடக்கேல்லையே” என்று பதில் வரும்.

இதைவிட மோசமான பழக்கம், “தொண்டையில முள்ளுக் குத்திப்போட்டுது” என்று தாங்களே முடிவுகட்டி, வாயைப் பிளந்து விரலால் துழாவுவது. விசர் பிடித்த நாயெல்லாம் கடிக்க ஓடி வராது. விசரின் ஒரு வகையில் நாய் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், வீணி வடியும், குரல் மாறும், விழுங்க முடியாமல் செருமும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியதாகவே தெரியும். அந்த உமிழ்நீர் விரலிலுள்ள சிறு கீறலில் பட்டாலே தொற்றலாம். மனிதருக்கு நோய்க்குறி தொடங்கிவிட்டால் உயிர் தப்புவது அரிதிலும் அரிது. அதனால், சாதுவான நாய் என்றாலும் கையை விடாதீர்கள்.

எல்லா இருமலும் இப்படியல்ல. நாய்க்கு நாய் தொற்றும் வறட்டு இருமல் அடிக்கடி வருவது. வாத்துக் கத்துவதுபோலக் கேட்கும். தின்று குடித்து ஓடித்திரிகிற, தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயென்றால் சில நாள் பார்க்கலாம். கழுத்துப்பட்டியைக் கழற்றி, மற்ற நாய்களிலிருந்து பிரித்து வையுங்கள். ஒரு கிழமை தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டும்.

அன்றைக்கே கொண்டுபோக வேண்டியவை வேறு. தடுப்பூசி போடாத குட்டி இருமி, கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, வயிற்றாலும் போனால் டிஸ்டெம்பர் என்ற நோயாக இருக்கலாம். கை கால் வெட்டி இழுக்கும்வரை பார்த்திருக்காதீர்கள். வயதான நாய் இரவில் இருமி, கொஞ்ச தூரம் நடந்ததும் களைத்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். நுளம்பு பரப்பும் இதயப்புழுவும் இருமலாகத்தான் வெளியே தெரியும். நாய் நித்திரையில் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு மேலேயே நின்றாலோ, முரசு வெளிறினாலோ, நீலம் பாரித்தாலோ, இரத்தம் வந்தாலோ பின்னேரம்வரை பொறுக்கக் கூடாது.

எங்கே போவது? சுன்னாகம் உடுவில் பிரதேச செயலர் பிரிவுக்குள் வருகிறது. அப்பிரிவுக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகம், மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்குவது. மாட்டுக்கு மட்டுமல்ல, நாய்க்கும் அங்கே பார்ப்பார்கள். புறப்படுமுன் தொலைபேசி எடுங்கள். இல்லாவிட்டால், “ஐயா வெளிக்களத்துக்குப் போட்டார்” என்ற ஒரு வரியோடு திரும்ப வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு வருவார் என்று கதவில் எழுதி ஒட்ட ஒரு துண்டுக் கடதாசி போதும். அலுவலகங்களுக்கு அது ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறதோ!

தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் ஒளிக்காமல் போத்தலையே காட்டுங்கள். வைத்தியர் முன்னால் நாய் இருமாது. வீட்டில் இருமும்போதே கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். முறை வரும்வரை நாயை ஓட்டோவிலேயே வைத்திருந்தால் மற்ற நாய்களுக்குத் தொற்றாது.

நாயின் வாய்க்குள் கையை ஏற்கெனவே விட்டாயிற்றா? சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூச வேண்டாம். அன்றைக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போய், “நாய் கடிக்கவில்லை, உமிழ்நீர் பட்டது” என்று சொல்லுங்கள். கடிக்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தடுப்பூசி தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை.

நாயை அடித்துக் கொல்லவோ அவிழ்த்துவிடவோ கூடாது. யாரும் கிட்டப் போகாதபடி அடைத்து, 14 நாள் கவனிக்க வேண்டும். இடையில் செத்தால் அவசரப்பட்டு வளவுக்குள் புதைக்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். விசரா என்று உறுதிசெய்ய நாயின் தலையைப் பரிசோதிக்க வேண்டும்; பழுதாகிவிட்டால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதை நீங்களே வெட்டப் போகாதீர்கள்.