காய் பெருக்க வேண்டுமா? செடியைக் குறையுங்கள்!

உங்கள் வீட்டு வளவில் நட்ட கத்தரி இடுப்பளவு வளர்ந்தும் விரல் பருமனில்தான் காய்க்கிறதா? பூசணிக்கொடி வேலியெல்லாம் படர்ந்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றனவா? "என் கைக்கு ராசியில்லை" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். குறை கையில் இல்லை. நாம் நடும் முறையில் இருக்கிறது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் எளிதில் மறக்க மாட்டோம். மரக்கறி வாங்கப் போனவர்கள் பாதிப் பையோடு திரும்பிய காலம் அது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கவும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தீர்மானிக்கப்பட்டது. அப்போது ஆவலோடு மண்வெட்டி பிடித்து, பின்னர் கைவிட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் செய்த தவறு, கையகல நிலத்தில் கண்டபடி செடிகளை நெருக்கி நட்டதுதான்.

பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றை முப்பது பேர் பங்கிட்டால் எவருக்கும் வயிறு நிறையாது. செடிகளும் அப்படித்தான். கத்தரிக்கு வரிசைக்கு வரிசை 3 அடியும், செடிக்குச் செடி 2 அடியும் விடுங்கள். வெண்டியைக் குழிக்கு மூன்று விதையாக இட்டால், முளைத்தபின் வலுவானதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடியோடு நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் நல்ல செடியின் வேரும் அசையும். வெட்ட மனம் வராதுதான். ஆனால் அந்த இரக்கமே விளைச்சலைக் கெடுக்கிறது.

இடம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படுவதாக இருக்கட்டும். பசளைக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, புல் ஆகியவற்றோடு காய்ந்த சருகை இரு மடங்காகக் கலந்து குவியுங்கள். ஈரம் காயாமல் பார்த்து, இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று மாதமளவில் நல்ல கூட்டெரு கிடைக்கும். உக்காத கோழி எருவை இடாதீர்கள், வேர் கருகும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும்; காய் குறையும். செடியைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும்.

பூசணிப் பிஞ்சு உதிர்வதற்கு முக்கிய காரணம் மகரந்தம் சேராமையே. அடியில் சிறு காய்போல் புடைத்திருப்பது பெண் பூ. வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே வாடிவிடும். ஆகவே காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பெரிய காய் வேண்டுமானால் ஒரு கொடியில் இரண்டு மூன்று காய்களை மட்டும் விட்டுவையுங்கள்.

எல்லாக் காயும் பெருக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. வெண்டியைப் பூத்து ஐந்தாறு நாட்களில் பறித்துவிடுங்கள். முற்ற விட்டால் நாராகும். செடியும் புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

இம்முறை ஒரே ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள், சகோதரிகளே. நான்கு கத்தரி, ஆறு வெண்டி, வேலியோரம் ஒரு பூசணி போதும். சிறிய குடும்பமொன்றின் கறிச்சட்டிக்கு அந்தப் பாத்தி நன்றாகவே கைகொடுக்கும்.