பல கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார்கள் மறுவிற்பனையில் மதிப்பிழப்பது ஏன்?

பள்ளுருத்தி (கொச்சி): கொச்சித் துறைமுகமும் சுங்க மாளிகையும் அமைந்துள்ள வில்லிங்டன் தீவிலிருந்து தோப்பும்படி வழியாகச் சென்றால் சில கிலோமீட்டரில் பள்ளுருத்தி வந்துவிடும். இங்குள்ள குறுகிய சாலைகளில், அடிப்பாகம் உரசிவிடுமோ என்ற அச்சத்துடன் வேகத்தடைகளைக் குறுக்காக ஏறிக் கடக்கும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களை அவ்வப்போது காண முடிகிறது. புதிதாக வாங்கும்போது பல கோடி ரூபாய் விலையுள்ள இத்தகைய கார்களில் பலவும், நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கைமாறுகின்றன. சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார்களும் இதற்கு விலக்கல்ல.

கணக்கியலில் இந்த இழப்பைத் 'தேய்மானம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால், குளிரூட்டப்பட்ட கொட்டகையில் உறையிட்டு நிறுத்தப்பட்டிருந்த காரில் தேய்வதற்கு ஏதுமில்லை. இங்கு குறைவது பொருள் அல்ல, அடுத்து வாங்குபவரின் துணிவு. எனவே 'மதிப்பிழப்பு' என்ற சொல்லே இதற்குப் பொருந்தும்.

இந்தியாவில் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதற்கு முதற்காரணம் வரி. 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள முழுமையாக இறக்குமதி செய்யப்படும் கார்களுக்கு, 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டின்படி 70 சதவீத அடிப்படைச் சுங்க வரியும் 40 சதவீத வேளாண் உட்கட்டமைப்பு மேம்பாட்டு வரியும் விதிக்கப்படுகின்றன. ஒரு கோடி ரூபாய் மதிப்பில் துறைமுகத்தில் இறங்கும் கார், இந்த 110 சதவீதத்தால் 2.10 கோடி ரூபாயாகிறது. அதன்மீது 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 2.94 கோடி ரூபாய். கேரளத்தில் உயர்விலைக் கார்களுக்கான சாலை வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம் என்பதால் மேலும் ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய் கூடுகிறது. விற்பனையாளரின் இலாபத்தைச் சேர்க்காமலேயே தொகை மூன்றரைக் கோடி ரூபாயைத் தொட்டுவிடுகிறது.

செலுத்திய வரி முழுவதும் உடனே வீணாகிவிடுவதில்லை. புதிய காரின் விலை உயரத்தில் இருக்கும் வரை, அதன் நிழலில் பழைய காரின் விலையும் நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் சரியும் சதவீதம் ஒரு கோடியின் மீது அல்ல, மூன்றரைக் கோடியின் மீது கணக்கிடப்படுகிறது. பாதி மதிப்பை இழந்த காரினால், வரி இல்லாத கணக்கில் ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் நட்டம் என்றால், கொச்சியில் அதே காரை வாங்கியவருக்கு 1.75 கோடி ரூபாய் நட்டம்.

காரின் விலையை வரி விஞ்சிய நிகழ்வை நாடே ஒருமுறை கண்டது. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு 2002-இல் பரிசளிக்கப்பட்ட ஃபெராரி 360 மொடெனா காரின் விலை சுமார் 75 லட்சம் ரூபாய் எனவும், அதற்கான சுங்க வரி 1.13 கோடி ரூபாய் எனவும் அப்போது செய்திகள் வெளியாயின. வரி விலக்கு சர்ச்சையானதைத் தொடர்ந்து, அத்தொகையை ஃபியட் நிறுவனமே செலுத்தியது. 2011-இல் அந்தக் கார் சூரத் தொழிலதிபர் ஒருவரிடம் கைமாறியது.

காப்பீட்டுக் கணக்கும் உரிமையாளருக்குச் சாதகமாக இல்லை. வாகனத்தின் காப்பீட்டு மதிப்பில் முதல் ஆறு மாதங்களுக்கு 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15 சதவீதம், நான்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 50 சதவீதம் எனக் கழிப்பதே பொதுவான நடைமுறை. மாருதிக்கும் லம்போர்கினிக்கும் இந்த அட்டவணை ஒன்றே.

அடுத்தது பராமரிப்பு. பழைய காரின் விலை பாதியாகக் குறைந்தாலும் அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. கார்பன் செராமிக் பிரேக் தட்டுகளை மாற்றும் செலவில் ஒரு சிறிய புதுக் காரையே வாங்கிவிடலாம். ஃபெராரி எஃப்355 மாடலில் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கு எஞ்சினையே கழற்றி இறக்க வேண்டும். பெரும் பழுது ஏற்பட்டால் கொச்சியிலிருந்து பெங்களூருவுக்கோ மும்பைக்கோ லாரியில் ஏற்றி அனுப்ப நேரிடும். இந்த அச்சத்தை அறிந்தே ஃபெராரி நிறுவனம், புதிய கார்களுக்கு ஏழு ஆண்டு காலப் பராமரிப்பை விலையிலேயே சேர்த்து வழங்குகிறது. கார் கைமாறினாலும் அந்தச் சலுகை தொடர்வதால் அதுவரை விலை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

எல்லா கார்களும் மதிப்பிழப்பதில்லை என்பதும் உண்மையே. மெக்லாரன் எஃப்1 கார்கள் மொத்தம் 106 மட்டுமே தயாரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 2021-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் இரண்டு கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அதே நிறுவனம் பிற்காலத்தில் அடுத்தடுத்து வெளியிட்ட வழக்கமான மாடல்களோ வேகமாக மதிப்பிழந்தவை எனப் பெயரெடுத்தன. ஒன்றைவிட வேகமான மற்றொன்று ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும்போது, முந்தையது அரிய பொருளாக அல்லாமல் பழைய பொருளாகவே பார்க்கப்படுகிறது.

கேரளத்தில் இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஆவணம். சாலை வரியைக் குறைப்பதற்காகப் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக 2017-இல் திரைத்துறையினர் உட்படப் பலர் மீது புகார்கள் எழுந்தன. பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் வாகனங்களைத் தேடி, கொச்சி சுங்கத்துறை 2025 செப்டம்பர் 23 அன்று 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தி 36 வாகனங்களைப் பறிமுதல் செய்தது. பூட்டானின் மொழியில் 'நும்கோர்' என்றால் வாகனம் என்று பொருள். அவற்றில் பெரும்பாலானவை ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல எனினும், அதன்பின் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட எந்த உயர்விலைக் காரையும் வாங்குவோர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டியதாயிற்று. இறக்குமதியின்போது தாக்கல் செய்த சுங்க ஆவணம், வரி செலுத்திய ரசீது, தடையின்மைச் சான்று ஆகியவற்றில் ஒன்று இல்லையென்றாலும் காரின் மதிப்பு பேரத்துக்கு முன்பே சரிந்துவிடும். வளைகுடாவிலிருந்து 'கார்னெட்' அனுமதியில் தற்காலிகமாக வரும் துபாய் பதிவெண் கார்களோ திருப்பி அனுப்பப்பட வேண்டியவை. அவற்றை இங்கு விற்கவே இயலாது.

அந்தச் சோதனைக்கு முந்தைய நாளில்தான் புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. பெரிய கார்களுக்கு இழப்பீட்டு வரியுடன் சேர்த்து 48 முதல் 50 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாகக் குறைந்தது. புதிய கார் வாங்க இருந்தவர்கள் மகிழ்ந்தனர். முந்தைய வாரம் வாங்கியவர்களின் காரோ, ஷோரூமை விட்டு அதிகம் நகராமலேயே மதிப்பிழந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் காத்திருக்கிறது. இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், 100 சதவீதத்துக்கும் அதிகமான கார் இறக்குமதி வரியைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரம்புக்குள் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழி செய்யப்பட்டுள்ளது. மெக்லாரனும் ஆஸ்டன் மார்ட்டினும் அங்கிருந்தே வருகின்றன. முழு வரி செலுத்தி அவற்றை வாங்கியவர்கள், குறைந்த வரியில் வரும் புதிய கார்களுடன் போட்டியிட்டுத்தான் இனி தங்கள் கார்களை விற்க வேண்டியிருக்கும்.