காலை ஊன்றாதீர்கள்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ரிஷிகேஷ் போனால் கங்கையில் ராஃப்டிங் போயே தீருவேன் என்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். மழைவெள்ளத்துக்காக அப்போது நிறுத்திவிடுவார்கள். சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். நடுவே ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்த கொந்தளிப்புகள் உண்டு. ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பதில் இவை மூன்றாம் தரத்தை ஒட்டியவை. ஆள் தண்ணீரில் விழுவது அங்கே சாதாரணம்.

விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: கால் தரையில் பட்டால் எழுந்து நின்றுவிடலாம். அதைத்தான் செய்யக் கூடாது. அடியில் கிடப்பது மணல் அல்ல, கல். இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் சிக்கிவிட்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் உங்களைக் குப்புறத் தள்ளி அப்படியே அமுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலை மேலே வராது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. எப்பேர்ப்பட்ட பலசாலியும் அதை எதிர்த்து நிமிர முடியாது.

மல்லாந்து படுத்துவிடுங்கள். பாதம் ஆறு போகும் திசையில் இருக்கட்டும். கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால், பாறை வரும்போது பாதத்தால் உதைத்துத் தள்ளிக்கொள்ளலாம். அலையின் பள்ளத்தில் மூச்சை இழுங்கள், முகட்டில் வாயை மூடிக்கொள்ளுங்கள். கயிறு வீசினால் கயிற்றையே பிடியுங்கள், அது வந்த பையை அல்ல. தோள்மேல் போட்டு மார்போடு அணைத்துக்கொள்ளலாம். கையில் மட்டும் சுற்றவே சுற்றாதீர்கள்.

இதையெல்லாம் கரையிலேயே கைடு சொல்லித்தருவார். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லிப் பாருங்கள்; காதுவரை ஏறினால் வார் இன்னும் இறுக வேண்டும். துடுப்பின் மேல்நுனியில் வைத்த கையை எந்த அலையிலும் எடுக்காதீர்கள், எடுத்தால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும்.

ஓட்டம் தணிந்ததும் குப்புறத் திரும்பிக் கரையை நோக்கி வேகமாக நீந்துங்கள். கரையோரம் வந்தபிறகும் அவசரப்பட்டு எழ வேண்டாம். உட்கார்ந்தால் தரை தட்டும் அளவுக்குத் தண்ணீர் குறைந்த பிறகு எழுந்திருங்கள்.