அரைப் புள்ளியின் விலை

மாமல்லபுரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கல்லும் கடலும். பாறையைக் குடைந்த மண்டபங்களும், ஒற்றைக்கல் இரதங்களும், அலையோரத்துக் கரைக்கோயிலும் பல்லவர் பெயரைச் சொல்லி அங்கே நிற்கின்றன. அவ்வூருக்கு 2022-ஆம் ஆண்டில் மற்றொரு சிறப்பும் வந்து சேர்ந்தது. ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் சென்னை நேரு விளையாட்டரங்கில் தொடக்க விழா நடைபெற்றது. மறுநாள் முதல், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ஆட்டங்கள் நடந்தன. பொதுப் பிரிவில் 188 அணிகள். மகளிர் பிரிவில் 162 அணிகள். சதுரங்கத்தின் தாயகம் என்று போற்றப்படும் இந்திய நாட்டில் அப்பெருவிழா நடந்தது அதுவே முதல் முறை.

அங்கே யார் எந்தக் காயை எங்கே நகர்த்தினார் என்பதை விரித்துரைப்பது இன்று என் நோக்கமன்று. தனி ஒருவரின் ஆட்டமாகிய சதுரங்கம் அணி ஆட்டமாக மாறும்போது என்ன நிகழ்கிறது? புள்ளி எண்ணும் விதி மாறினால் அறிவுள்ள ஆட்டமும் மாறிவிடுமா? இவ்விரு வினாக்களையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஆட்டக்காரர் ஐவர். ஒரு நாளில் நால்வர் ஆடுவர். ஒருவர் ஓய்வு கொள்வர். நான்கு பலகைகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். முதற் பலகையிலும் மூன்றாம் பலகையிலும் வெள்ளைக் காய் பெறும் அணி, இரண்டிலும் நான்கிலும் கறுப்புக் காய் கொண்டு ஆடவேண்டும். வென்றவருக்கு 1 புள்ளி. சமனில் முடிந்தால் இருவருக்கும் அரைப் புள்ளி. ஆகவே ஒரு நாளில் இரண்டு அணிகளும் பங்கிட்டுக் கொள்ளும் ஆட்டப்புள்ளிகள் மொத்தம் 4.

ஐவரின் வரிசை, தொடர் தொடங்குமுன்பே எழுதிக் கொடுக்கப்படுவது. பின்னர் அதை மாற்ற இயலாது. இக்கட்டுப்பாடு எதற்காக? சீன நாட்டுப் பழங்கதை ஒன்று இதற்கு விடை தரும். தியான் ஜி என்ற படைத்தலைவர் தம் அரசரோடு குதிரைப் பந்தயம் விட்டார். இருவருக்கும் மும்மூன்று குதிரைகள். தரத்துக்குத் தரம் அரசர் குதிரையே சற்று விரைவானது. சுன் பின் என்னும் அறிஞர் ஒரு வழி சொன்னார். "உமது கடைத்தரக் குதிரையை அரசரின் முதல்தரக் குதிரையோடு ஓடவிடும், உமது முதல்தரத்தை அவரது இடைத்தரத்தோடும், இடைத்தரத்தை அவரது கடைத்தரத்தோடும் ஓடவிடும்" என்பது அந்த யோசனை. ஒரு பந்தயம் தோற்றது. இரண்டு பந்தயங்கள் வென்றன! சதுரங்க அணியின் வரிசையை நாள்தோறும் மாற்ற இடங்கொடுத்தால், வலியவர் எதிரே மெலியவரைப் பலியிட்டு, மற்றப் பலகைகளில் வெல்லும் இந்தத் தந்திரமே எங்கும் தலையெடுக்கும். அதனாலேயே வரிசை நிலையாக வைக்கப்பட்டது.

ஆயினும் அணித் தலைவருக்கு ஒரு சிறு வாயில் திறந்தே இருக்கிறது. இன்று யாருக்கு ஓய்வு என்பதை அவரே முடிவு செய்கிறார். இரண்டாமவர் ஓய்வு கொண்டால் மூன்றாமவர் இரண்டாம் பலகைக்கு ஏறுவார். அவருக்குப் பின்னுள்ளோரும் ஒரு படி ஏறுவர். பலகை மாறினால் எதிராளி மாறுவது மட்டுமன்று, காயின் நிறமும் மாறும். கறுப்புக் காயால் உறுதியாகத் தடுத்தாடுபவர் யார், வெள்ளையால் முன்னேறித் தாக்குபவர் யார் என்பதையெல்லாம் எண்ணியே தலைவர் அந்த ஒரு பெயரை நீக்குகிறார். எளிய முடிவுபோல் தோன்றினும், அன்றைய வியூகம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி, விதி மாறிய கதைக்கு வருவோம். முதல் ஒலிம்பியாட் 1927-ஆம் ஆண்டில் லண்டனில் நடைபெற்றது. அதிலிருந்து நெடுங்காலம், அணியின் ஆட்டப்புள்ளிகளையெல்லாம் கூட்டி, மிகுதியாகச் சேர்த்த அணிக்கே முதலிடம் தந்தனர். 2006-இல் இத்தாலியின் தூரின் நகரில் அர்மீனியா 36 ஆட்டப்புள்ளிகளோடு பொற்பதக்கம் வென்றது. 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் புதுவிதி வந்தது. அன்று முதல், எதிரணியை வென்ற அணிக்கு 2 அணிப்புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. 4–0 என்று வென்றாலும், 2½–1½ என்று வென்றாலும் கிடைப்பது அதே 2 புள்ளிதான்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காண்போம். உங்கள் பள்ளியில் கபிலர் அணி, பரணர் அணி என இரண்டு அணிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். கபிலர் அணி முதல் நாள் 4–0 என்று வென்று, மறுநாள் 1½–2½ என்று தோற்கிறது. பரணர் அணி இரண்டு நாளும் 2½–1½ என்று வெல்கிறது. பழைய விதிப்படி கபிலர் அணிக்கு 5½, பரணர் அணிக்கு 5, கபிலரே முன்னணி. புதிய விதிப்படி பரணர் அணிக்கு 4, கபிலர் அணிக்கு 2. ஆடிய ஆட்டங்கள் அவையே. விழுந்த காய்களும் அவையே. எண்ணும் முறை மாறியது, தரவரிசையும் மாறிவிட்டது.

பழைய விதியில் அரைப் புள்ளிக்கு எப்போதும் ஒரே விலை. எந்தப் பலகையில், எந்த அணியிடமிருந்து எடுத்தாலும் அது சேமிப்பில் சேரும். ஆதலால் மெலிந்த அணி கிடைத்தபோது ஓர் அரைப் புள்ளியையும் விடாமல் பறித்துக் கொள்வதே அறிவு. புதிய விதியிலோ, அரைப் புள்ளியின் விலை மற்ற மூன்று பலகைகளைப் பொறுத்தது.

மூன்று ஆட்டங்கள் முடிந்து, நான்காம் பலகை மட்டும் நடந்துகொண்டிருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அங்கே நிலை சமமாக இருக்கிறது. எதிராளி, சமன் செய்துகொள்வோமா என்று கேட்கிறார். நம் அணி 2–1 என முன்னே நின்றால், தயங்காமல் இசையவேண்டும். அந்த அரைப் புள்ளி வெற்றியை உறுதி செய்துவிடும். நம் அணி 1–2 எனப் பின்தங்கியிருந்தால், அந்தச் சமன் தோல்விக்கே சமம். துணிந்து போரிடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1½–1½ என்றிருந்தால், வென்றால் 2 அணிப்புள்ளி, சமனானால் 1, தோற்றால் 0. இங்கேதான் உண்மையான சோதனை. பலகையின் மேல் காய்கள் நிற்கும் நிலை மூன்றிலும் ஒன்றே. சரியான முடிவுகளோ மூன்று வேறு முடிவுகள்! தன் பலகையை மட்டும் நோக்குபவனுக்கு இது விளங்காது. எனவேதான் சதுரங்க விதிகள் அணித் தலைவருக்கு ஒரு சிறிய உரிமையைத் தந்துள்ளன. "சமன் கேள்", "சமனுக்கு இசைந்துவிடு" என்பனபோல் அவர் சுருங்கச் சொல்லலாம். பலகையிலுள்ள நிலையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லலாகாது.

இவையெல்லாம் வெறும் கணக்கல்ல என்பதை மாமல்லபுரமே காட்டியது. விழாவை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா பொதுப் பிரிவில் மூன்று அணிகளைக் களமிறக்கியது. இரண்டாம் அணியின் முதற் பலகையில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அப்போது வயது 16. முதல் எட்டு ஆட்டங்களிலும் அவர் எட்டு வெற்றிகள் கண்டார். ஆனால் ஆறாம் சுற்றை நோக்குங்கள்: குகேஷ் வென்றார்; அணியோ அர்மீனியாவிடம் 1½–2½ என்று தோற்றது. முதற் பலகையின் ஒளி மிக்க வெற்றி அன்று அணிப்புள்ளியாக மாறவில்லை.

பத்தாம் சுற்றில் அந்த இளைஞர் அணி உஸ்பெகிஸ்தானை எதிர்கொண்டது. பிரக்ஞானந்தா வென்றார், இரண்டு ஆட்டங்கள் சமனில் முடிந்தன. முதற் பலகையில் குகேஷ், அப்துசத்தாரோவை எதிர்த்துச் சாதகமான நிலையை எய்தியிருந்தார். அந்தச் சாதகம் சிறிது சிறிதாகக் கரைந்தது. இறுதியில் அவர் தோற்றார். முடிவு 2–2. தொடர் நிறைவுற்றபோது உஸ்பெகிஸ்தானுக்கு 19 அணிப்புள்ளி, இந்திய இரண்டாம் அணிக்கு 18. முதற் பலகை சமனில் முடிந்து, மற்றவை அப்படியே இருந்திருந்தால், இந்திய அணிக்கு 19, உஸ்பெகிஸ்தானுக்கு 18 என்று ஆகியிருக்கும். ஓர் அரைப் புள்ளியின் விலை அன்று எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதை நீங்களே கணித்துக் கொள்ளலாம். இதனால் குகேஷின் பெருமை குறைந்துவிடவில்லை. 11 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்து முதற் பலகைக்கான தனிநபர் பொற்பதக்கத்தை அவரே பெற்றார். அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

மகளிர் பிரிவிலும் இத்தகைய பாடமே. இந்திய முதல் அணி பத்துச் சுற்றுகளில் 17 அணிப்புள்ளி சேர்த்து முன்னே நின்றது. இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1–3 என்று தோற்றது. உக்ரைனும் ஜார்ஜியாவும் 18-ஐ எட்டிவிட, இந்தியாவுக்கு வெண்கலம். புதிய விதியில், முன்பு பெற்ற பெரிய வெற்றிகளைக் காட்டி இன்றைய தோல்வியின் கடனை அடைக்க முடியாது.

"அப்படியானால் 4–0 என்று வெல்வதால் பயனே இல்லையா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மாமல்லபுரத்தில் அர்மீனியாவும் 19 அணிப்புள்ளி பெற்றது. இரண்டு அணிகள் சமமாக நின்றால் என்ன செய்வது? ஒவ்வோர் எதிரணியும் தொடரின் முடிவில் பெற்ற அணிப்புள்ளியை, அவ்வணியிடம் நாம் எடுத்த ஆட்டப்புள்ளியால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். கடைசி நிலையிலுள்ள எதிரணியின் கணக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முடிவில் 18 அணிப்புள்ளி பெற்ற ஓர் அணியை 2½-க்குப் பதில் 3 என்று வென்றிருந்தால், 45 என்பது 54 ஆகும், 9 மிகுதி. 6 அணிப்புள்ளி பெற்ற அணியை 3½-க்குப் பதில் 4 என்று வென்றால், 21 என்பது 24 ஆகும். 3 மட்டுமே மிகுதி. வலியவனிடம் பெற்ற அரைப் புள்ளிக்கு எளியவனிடம் பெற்றதைவிட மும்மடங்கு மதிப்பு! இந்தக் கணக்கிலேதான் தரவரிசையில் 14-ஆவதாக வந்த உஸ்பெகிஸ்தான் அர்மீனியாவை முந்திப் பொற்பதக்கம் சூடியது. ஆகவே அணியின் வெற்றி உறுதியான பின்னரும், கடைசிப் பலகையில் இருப்பவர் சோர்ந்துவிடலாகாது. வெற்றிக்கு ஊறு வராதபடி, கிடைக்கும் அரைப் புள்ளியையும் எடுத்து வைக்கவேண்டும்.

ஈராண்டுகள் கழித்து, 2024-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அடுத்த ஒலிம்பியாட் நடந்தது. மாமல்லபுரத்தில் இரண்டாம் அணியில் விளையாடிய குகேஷும் பிரக்ஞானந்தாவும் இப்போது இந்தியாவின் முதன்மை அணியில் இருந்தனர். பத்தாம் சுற்றில் அமெரிக்காவை எதிர்த்தபோது பிரக்ஞானந்தா தோற்றார். குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் வென்றனர். விதித் குஜராத்தி சமன் செய்தார். 2½–1½, இரண்டு அணிப்புள்ளி இந்தியாவுக்கே. ஒரு பலகையில் விழுந்த பள்ளத்தை மற்றப் பலகைகள் நிரப்பின. 22-க்கு 21 அணிப்புள்ளியோடு பொதுப் பிரிவிலும், 19 அணிப்புள்ளியோடு மகளிர் பிரிவிலும் இந்தியா முதன்முறையாகப் பொற்பதக்கம் பெற்றது.

மாணவ நண்பர்களே! சதுரங்கமாயினும் கபடியாயினும், நீங்கள் ஓர் அணியில் சேர்ந்து ஆடப் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். "இங்கே புள்ளியை எப்படி எண்ணுகிறார்கள்?" என்பது முதற் கேள்வி. "என் பக்கத்துப் பலகையில் என்ன நடக்கிறது?" என்பது இரண்டாவது. முதற் கேள்வியைக் கேளாதவன் பழைய விதிக்கேற்ற வீரத்தைப் புதிய களத்தில் வீணாக்குவான். இரண்டாவதைக் கேளாதவன் தான் வென்றும் அணியைத் தோற்கவிடக்கூடும். இரண்டையும் கேட்டு ஆடுபவன், அமைதியாக ஒரு சமனுக்கு இசைந்து எழுந்து வரும்போதும், அது தன் அணியின் வெற்றி என்பதை அறிந்திருப்பான்.